கேசியோ 570 எம்எஸ்: சூரியன் இழுக்கற கணக்குக்கு இது போதும்

மகன் இங்க மலேசியாவுல ஃபோம் ஃபோர் வந்துட்டான், பிசிக்ஸ்ல மூணாவது சாப்டரே ஈர்ப்பு, அதனால பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ஸ்டேஷனரி கடையில கேசியோ எஃப்எக்ஸ் 570 எம்எஸ் கால்குலேட்டர் வாங்கினோம். கடைக்காரர் விலை கூடின மாடலைத்தான் எடுத்து நீட்டுனாரு, எஸ்.பி.எம் பரீட்சைக்கு 570 எம்எஸ்ஸே செல்லும் அண்ணேன்னு சொல்லிட்டேன்.

வாங்கின கையோட போட்டுப் பார்த்தது, பூமி இருக்கற தூரத்துல சூரியனோட ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவுன்னு. ஜி (ஈர்ப்பு மாறிலி) பெருக்கல் எம் (சூரியனோட நிறை), அதை ஆர் (தூரம்) ஸ்குவேரால வகுக்கணும், அவ்வளவுதான் ஃபார்முலா. கான்ஸ்ட் பட்டனை அமுக்கி 39 போட்டா ஜி தானா வந்துடுது, ரொம்ப வசதி. சூரியனோட நிறை உள்ள இல்ல, 1.989 எக்ஸ்ப் 30ன்னு (அதாவது 1.989 × 10³⁰ கிலோ) நாமதான் அடிக்கணும், தூரம் 1.496 எக்ஸ்ப் 11 மீட்டர். கிலோமீட்டர்ல போட்டீங்கன்னா விடை பத்து லட்சம் மடங்கு ஏறிடும். இன்னொன்னு, பசங்க எக்ஸ்ப் பட்டனைத் தொடாம "பெருக்கல் 10"ன்னு நீட்டி அடிக்கறாங்க, பிராக்கெட்டும் போடறதில்ல, அப்போ 1.496ல வகுத்துட்டு 10ஓட அடுக்கை மேல பெருக்கிடுது மெஷினு, விடை எங்கேயோ போயிடும்லா.

ஒழுங்கா அடிச்சா 5.93 × 10⁻³, அதாவது 0.00593 மீட்டர்/செகண்ட்². நம்ம தரையில இருக்கற 9.81ல கிட்டத்தட்ட 1,650ல ஒரு பங்கு! இத்துணூண்டு இழுவைதான் செகண்டுக்கு 30 கிலோமீட்டர் கிட்ட ஓடற பூமியை வளைச்சு சுத்த வெக்குது. சந்தேகமா இருந்தா 29,780 மீட்டரை ஸ்குவேர் பண்ணி தூரத்தால வகுங்க, அதே 5.93 வரும்.

எனக்கு ரொம்ப புடிச்சது மெமரிதான். அந்த விடையை 'ஏ'ங்கற மெமரியில ஸ்டோர் பண்ணிட்டா, ஆஃப் பண்ணாலும் போகாது, அப்புறம் பெரிய நம்பரே அடிக்க வேணாம். வியாழன் 5.2 மடங்கு தூரம், 'ஏ'வை 5.2 ஸ்குவேரால வகுத்தா 0.00022. 2016ல கண்டுபிடிச்ச புராக்ஸிமா சென்டாரி பி கோளுக்கு, நட்சத்திர நிறை சூரியன்ல 0.122, தூரம் பூமி தூரத்துல 0.0485, 'ஏ'வை 0.122ஆல பெருக்கி 0.0485 ஸ்குவேரால வகுத்தா 0.31 வருது. குட்டி நட்சத்திரம், ஆனா அவ்வளவு பக்கத்துல இருக்கறதால பூமியை சூரியன் இழுக்கறதை விட 50 மடங்கு இழுவை, 11 நாள்ல ஒரு சுத்து முடிஞ்சிடுது பாருங்க.

ஸ்கிரீன் பழைய ஸ்டைலு, பின்னத்தை மேல கீழன்னு காட்டாது. இந்த சாப்டருக்கு அது தேவையும் இல்ல. ரெண்டு மூணு கடை விலை கேட்டுட்டு வாங்குங்க, கடைக்கு கடை வித்தியாசம் இருக்கு.