தஞ்சாவூரில் படைவீரர் மேல்முறையீடு எழுதித் தரும் மாடி அலுவலகம்: ஒரு மதிப்புரை

மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மளிகைக் கடை ஒன்றின் மாடியில், ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் நடத்தும் சிறிய அலுவலகத்தைப் பற்றி எழுதுகிறேன். அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் உள்ள முன்னாள் படைவீரர்களிடம் ‘சாப் ஆபீஸ்’ எங்கே என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள்; சுபேதாரை நாங்கள் ‘சாப்’ என்றுதான் அழைப்போம். ராணுவத்தில் எழுத்தர் பிரிவில் பணியாற்றிய அவர், ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளக் கணக்கில் பிழை திருத்துவது, குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் எழுதுவது, மெடிக்கல் போர்டு எனப்படும் ராணுவ மருத்துவர் குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு தயாரிப்பது ஆகிய வேலைகளைச் செய்து தருகிறார். முதல் இரண்டிலும் எனக்கு அனுபவம் இல்லாததால் மூன்றாவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் பீரங்கிப் படையில் போஃபர்ஸ் பீரங்கியில் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்று நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கும். பயிற்சிக் காலத்திலும் எல்லையிலும் அதைத் தூக்கி வைப்பதுதான் பீரங்கிக்காரனின் அன்றாடம். லடாக்கில் இருந்தபோது இடுப்பில் தொடங்கிய வலி இடது கால் வரை இறங்கியது. அங்கே எம்ஐ ரூம் எனப்படும் முகாம் மருத்துவ அறையில் கொடுத்த மாத்திரையோடு காலம் தள்ளி, பிரிவு சமவெளிக்கு இறங்கிய பிறகு ராணுவ மருத்துவமனையில் எம்ஆர்ஐ எடுத்தபோது கீழ் முதுகெலும்பில் எல்4-எல்5 இடையே டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரிந்தது. மருத்துவத் தரம் குறைக்கப்பட்டு, எஞ்சிய பணிக்காலத்தை அந்தத் தரத்திலேயே முடித்து வெளியே வந்தேன். பணி முடித்து வெளியேறும்போது பரிசோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு என் குறைபாட்டை 20 சதவீதம் என்றும், வாழ்நாள் முழுவதற்குமானது என்றும் மதிப்பிட்டது. ஆனால் அது ராணுவப் பணியால் விளைந்ததும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை என்று படிவத்தின் அடுத்த கட்டத்தில் எழுதிவிட்டதால், சாதாரண ஓய்வூதியத்துக்கு மேல் ஒரு ரூபாயும் வரவில்லை. நானே எழுதி அனுப்பிய முதல் மேல்முறையீடும் ஒரு பக்கக் கடிதத்தில் நிராகரிக்கப்பட்ட பிறகுதான் இந்த மாடிக்கு ஏறினேன்.

அங்கே முதலில் நடந்தது வாசிப்பு. அதற்குக் கட்டணம் 500 ரூபாய். நிராகரிப்புக் கடிதத்தைச் சாப் ஒரு முறை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். போர்டின் முழு நடவடிக்கைப் பிரதியும், பணிக்கால மருத்துவ ஆவணங்களும் இல்லாமல் எதையும் எழுத முடியாது என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, நாசிக் ரோட்டில் உள்ள பீரங்கிப் படை ஆவண அலுவலகத்துக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று வரிசைப்படுத்தி அவரே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். பிரதிகள் வந்த பிறகு, பழைய கர்ணம் அடங்கலைப் பார்ப்பதுபோல நெடுக்கும் குறுக்கும் அவற்றைப் படித்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். முற்பகல் முழுவதும் அதிலேயே போயிற்று.

அந்த வாசிப்பில் தெரிந்துகொண்டவை என்னைப் போன்ற பலருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நான் போனது 20 சதவீதத்தை 30 அல்லது 40 ஆக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு. வெளியே எடுத்த புதிய எம்ஆர்ஐ அறிக்கையையும், தனியார் எலும்பு மருத்துவர் ஒருவரின் சான்றையும் கையில் வைத்திருந்தேன். சாப் அவற்றை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுச் சொன்னார்: “இருபதை முப்பதாக்கி என்ன செய்யப் போறீங்க தம்பி? ரெண்டுக்கும் ஒரே காசுதான். உங்களுக்கு வழியை அடைச்சு வச்சிருக்கிற கட்டம் வேற.”

அவர் சொன்ன கணக்கு இது. குறைபாடு பணியோடு தொடர்புடையது என்று ஏற்கப்பட்டால், 100 சதவீதக் குறைபாட்டுக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். குறைபாடு குறையக் குறைய இதுவும் அதே விகிதத்தில் குறையும். ஆனால் 1996 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மேல்நோக்கி முழுமையாக்கும் முறைப்படி, 50-க்குக் கீழ் உள்ள மதிப்பீடு 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளது 75 ஆகவும், அதற்கு மேற்பட்டது 100 ஆகவும் கொள்ளப்படும். மருத்துவக் காரணத்தால் இடையிலேயே வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்று அரசு வைத்திருந்த இந்தச் சலுகை, பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் பொருந்தும் என்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 சதவீதத்துக்கு 2,400 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 50 சதவீதத்துக்குரிய 6,000 ரூபாய் வரும். அகவிலை நிவாரணம் தனி. 30 சதவீதம் வாங்கினாலும் 45 வாங்கினாலும் அதே 6,000 ரூபாய்தான். எதுவும் கிடைக்காதபடி 20-க்குக் கீழே போட்டுவிட்டார்கள் என்றாலோ, 50-ஐ ஒட்டி நிற்கிறது என்றாலோ சதவீதத்துக்காகப் போராடுவதில் பொருள் உண்டு. நடுவில் இருப்பவர் அதற்காகச் செலவழிக்கும் பணமும் காலமும் வீண். இதைச் சொல்ல அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சதவீதத்தை உயர்த்தித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்ட வேறோர் இடத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

அடுத்து, அடைபட்ட கட்டம். பணியால் விளைந்தது என்பதும், பணியால் மோசமானது என்பதும் விதிகளில் இரண்டு தனி வாசல்கள். ஏதாவது ஒன்று திறந்தால் போதும். ஒரு விபத்தில் அடிபட்டவருக்கு முதல் வாசல் இயல்பானது. அதற்கு அந்த நேரத்தில் எழுதப்பட்ட காய அறிக்கை, அதாவது ஐஏஎஃப்ஒய்-2006 என்ற படிவம் இருக்க வேண்டும். என் முதுகு ஒரே நாளில் போகவில்லை. ஆகவே அந்தப் படிவம் என்னிடம் இல்லை; இருக்கவும் வழியில்லை. முதல் வாசலை மாற்றுக் கோரிக்கையாக மட்டும் வைத்துவிட்டு, மேல்முறையீட்டின் முழு பலத்தையும் இரண்டாவதில் சாப் செலுத்தினார். போர்டு சொன்ன காரணம், நோய் அமைதிப் பகுதியில், அதாவது எல்லைப் பணி அல்லாத இடத்தில், தொடங்கியது என்பது. சமவெளி மருத்துவமனையில் சேர்ந்த தேதியையே அவர்கள் தொடக்கமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்த பிரதிகளில், லடாக்கில் இருந்தபோது இடுப்பு வலிக்காக எம்ஐ ரூமுக்குப் போனதைக் குறிக்கும் பதிவு ஒன்று, மங்கிப்போன கார்பன் எழுத்தில், மருந்தின் பெயரும் மூன்று நாள் இலகு பணி என்ற பரிந்துரையுமாக இருந்தது. மருத்துவமனைத் தேதிக்கு எட்டு மாதம் முந்தைய பதிவு அது. சாப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு கோடு போட்டார். மேல்முறையீட்டின் நடுப்பகுதி முழுவதும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

அதோடு தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்தார். படையில் சேரும்போது செய்த பரிசோதனையில் ஒரு நோய் குறிக்கப்படவில்லை என்றால், பிறகு வந்தது பணியின் விளைவு என்றே அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. போர்டு தன் கருத்துக்குக் காரணமும் எழுத வேண்டும். எங்கள் ஊரில் என் சித்தப்பா ஒருவர், “நாத்து நடுற சனம் அத்தனைக்கும்தான் இடுப்பு வலி; அதுக்கெல்லாம் பென்ஷனா கொடுக்கிறாங்க?” என்று கேட்டதை நான் சாப்பிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அரசுத் தரப்பும் வயது, தேய்மானம், உடல்வாகு என்று ஏறத்தாழ அதையேதான் எழுதும் என்றும், பத்தொன்பது வயதில் எந்தக் குறையும் இல்லாமல் எடுத்துக்கொண்ட உடல் என்பதற்கு அவர்கள் கையெழுத்தே சாட்சி என்றும் சொல்லி, சேர்க்கைப் பரிசோதனைத் தாளை முதல் இணைப்பாக வைத்தார்.

இரண்டாம் மேல்முறையீட்டை, முதல் நிராகரிப்பு வந்த ஆறு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். அதை எழுதித் தர 6,000 ரூபாய் வாங்கினார். ஆறு மாதம் கடந்தும் பதில் வராததால், அந்த மௌனத்தையே அடிப்படையாக வைத்து ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக முடிந்தது. இங்கிருந்து வேலை அவருடையது இல்லை. அவர் வழக்கறிஞர் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறார். சென்னையில் தமக்குத் தெரிந்த இரண்டு வழக்கறிஞர்களின் எண்களைக் கொடுத்து, நீங்களே பேசித் தேர்ந்துகொள்ளுங்கள் என்றார். நான் தேர்ந்த வழக்கறிஞர், கோப்பைப் பார்த்துவிட்டுப் புதிதாக எதுவும் கேட்கவில்லை. மேல்முறையீட்டின் வரிசையிலேயே மனு தயாரானது. உழவன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் முதுகைப் புரட்டிக்கொண்டு நான் சென்னைக்குப் போவது ஒவ்வொரு விசாரணைக்கும் தேவைப்படவும் இல்லை. தீர்ப்பாயம் என் குறைபாட்டைப் பணியால் மோசமானது என்று ஏற்று, 20 சதவீதத்தை 50 ஆக்கி உத்தரவிட்டது. நிலுவைத் தொகை, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும்; தர்செம் சிங் வழக்கின் 2008 தீர்ப்புக்குப் பிறகு தாமதமாக வருபவர்களுக்குப் பொதுவாக இந்த வரம்பே வைக்கப்பட்டு வந்தது என்பதைச் சாப் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் எனக்கு ஏமாற்றம் இல்லை. திருத்திய ஓய்வூதிய ஆணை ஸ்பர்ஷில் ஏறுவதற்கு மேலும் பல மாதங்கள் பிடித்தன.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டெல்டா மாவட்டங்களில் நிலுவைத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று பேசும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகளே தடுக்கின்றன. வழக்கறிஞரே வாங்கக் கூடாத பங்கைத் தரகர் கேட்கும்போது எழுந்து வந்துவிடுவது நல்லது. சாப் வாங்குவது எழுத்துக்கூலி. ஜெயித்தாலும் தோற்றாலும் அதே தொகை. நான் இருந்தபோதே, போர்டு 15 சதவீதம் என்று எழுதிய, ஆனால் ஆவணங்களில் அதை மறுக்க எதுவும் இல்லாத ஒருவரிடம், 500 ரூபாயை மட்டும் வாங்கிக்கொண்டு, மேலே செலவழிக்க வேண்டாம் என்று அனுப்பி வைத்ததைப் பார்த்தேன். அவர் மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவராக இருந்திருந்தால், சுக்விந்தர் சிங் வழக்கின் 2014 தீர்ப்பை வைத்து 20-க்கு மேல் என்று வாதிட்டிருக்கலாம் என்பதையும் அவரிடமே விளக்கினார்.

குறைகளும் உண்டு. முதுகு போனவர்களும் முழங்கால் போனவர்களும் தேடி வரும் இடத்தை, கைப்பிடி இல்லாத செங்குத்தான படிக்கட்டின் உச்சியில் வைத்திருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மேலே ஏறினால் உட்காரச் சாய்வில்லாத பிளாஸ்டிக் முக்காலி. கேட்டால் மட்டும் சாப் தம்முடைய நாற்காலியைத் தருகிறார். ரசீது எழுதித் தரும் பழக்கம் இல்லை. நான் வற்புறுத்தி வாங்கினேன், நீங்களும் வாங்குங்கள். மேல்முறையீடு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாயால் விளக்குகிறாரே தவிர, வீட்டில் வைத்துப் படிக்கத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம்கூடத் தருவதில்லை. மூலத் தாள்களை அவரிடம் விட்டு வராதீர்கள். கவனக்குறைவானவர் இல்லை என்றாலும், அந்த மேசையில் கோப்புகள் நிற்கும் உயரம் நம்பிக்கை தருவதாக இல்லை. வேகத்தையும் எதிர்பார்க்க முடியாது. பிற்பகலில் தொலைபேசியை எடுப்பதே இல்லை.

வெறும் படிவம் நிரப்புவதற்காக இங்கே வர வேண்டிய அவசியமில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கட்டணம் இல்லாமலேயே உதவுவார்கள். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு அன்று வெளியான புதிய தகுதி விதிகள் பொருந்தும் என்பதால், என் வழக்கின் கணக்கை அப்படியே தங்களுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது; அவர்கள் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றபடி, போர்டின் முடிவில் எந்தக் கட்டம் தம்மைத் தடுக்கிறது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு அந்த 500 ரூபாய் வாசிப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று படிக்கட்டுக்கு. டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, போர்டு நடவடிக்கையின் பிரதி, நிராகரிப்புக் கடிதம் அதன் உறையோடு (அஞ்சல் முத்திரைத் தேதி காலவரம்புக்கு உதவும்) ஆகியவற்றை எடுத்துக்கொண்டு முற்பகலில் போங்கள். மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாக வருபவர்கள் பேருந்தில் பின் இருக்கையைத் தவிர்த்துவிடுங்கள். குறுவை அறுவடை நாட்களில் சாப் தம் வயலுக்குப் போய்விடுவார் என்பதால், கிளம்பும் முன் காலையிலேயே ஒரு முறை போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.