5 நிமிடத்துக்கு ஒரு குட்டி ரயிலா, 15 நிமிடத்துக்கு ஒரு நீள ரயிலா?

தாம்பரம்–வேளச்சேரி இலகு ரயில் (மெட்ரோவைவிட எடையும் செலவும் குறைந்த ரயில்) பேச்சு வந்ததில் இருந்து எங்கள் தெருவில் இந்த வாக்குவாதம்தான். கருத்துக்கேட்பு வைத்தால் எதைக் கேட்பது?

கணக்கு: 3 பெட்டி ரயில் மணிக்கு 12 தடவை என்றால் 36 பெட்டி. 9 பெட்டி ரயில் 4 தடவை என்றாலும் அதே 36 பெட்டிதான்.

காத்திருப்பு: குட்டி ரயிலுக்குச் சராசரியாக இரண்டரை நிமிடம், நீள ரயிலுக்கு ஏழரை. போன மாதம் மூச்சிரைக்கப் படியேறி வந்தேன், கண்ணெதிரே கதவு மூடியது, அடுத்ததற்குள் வாங்கிய டீயே ஆறிவிட்டது. இரண்டு வண்டி மாறிப் போகிறவருக்கு இந்த வலி இரட்டிப்பு.

செலவு: குட்டிக்கு நடைமேடை சின்னது, நிலையமும் சின்னது. நீளத்துக்கு எல்லாமே பெரிசு. ஆனால் சின்னதாகக் கட்டிவிட்டுப் பின்னால் நீட்டுவது லேசான வேலையில்லை, அதனால் அதற்கு இடம் விட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

ஆள்பலம்: குட்டிக்கு ஓட்டுநர் அதிகம் வேண்டும். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் ஓட்டுநர் இல்லாத ரயில்தான் என்பதால் இந்த வாதம் எனக்கு எடுபடவில்லை.

சிக்னல்: சாலையிலேயே தண்டவாளம் போட்டால் நீள ரயில் தேவலை. குட்டி ரயில் அடிக்கடி குறுக்கே போனால் சந்திப்பில் பேருந்துகள்கூட நிற்கும்.

தூண் மேல் போகிற பாதை, நாள் முழுக்க வந்துபோகும் கூட்டம் என்றால் குட்டி ரயிலைக் கேளுங்கள். காலை மாலை மட்டும் நெரிசல் என்றால் நீளம். எதைக் கேட்டாலும் மத்தியானம் 2 மணிக்கும் இரவு 9 மணிக்கும் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதை எழுத்தில் கேளுங்கள்.