ரோஜர்ஸ் சென்ரர்: கூரை திறந்த நாளில் போங்கள், மூன்றாம் பேஸ் பக்கம் இருங்கள்

ரொறன்ரோ புளூ ஜேஸ் பேஸ்போல் அணியின் இந்த மைதானத்தில் கூரை மூடியிருக்கும் நாளும் திறந்திருக்கும் நாளும் ஒன்றல்ல. மூடியிருந்தால் அது ஒரு பிரமாண்டமான கொங்கிரீட் மண்டபம்: அறிவிப்புகள் எதிரொலிக்கும், பகல் ஆட்டத்துக்கும் மின்விளக்கு எரியும். திறந்திருந்தால் ஏரிக் காற்று உள்ளே வரும், பக்கத்திலுள்ள சீஎன் கோபுரம் தலைக்கு மேல் நிற்கும். முதல் தடவை போகிறவர்கள் ஏப்ரலைத் தவிர்த்து, ஜூனுக்குப் பிறகு ஒரு நாளைத் தெரிவுசெய்வது நல்லது.

கூரை ஏன் வந்தது என்பதை ரொறன்ரோ வானிலையே சொல்லும். ஏரிக்கரையில் இருந்த பழைய எக்சிபிஷன் மைதானத்தில், 1977 ஏப்ரல் 7 அன்று புளூ ஜேஸின் முதல் ஆட்டம் பனி கொட்டும்போது நடந்தது. அங்கேயே நடந்த, ரக்பி போன்ற கனேடியக் கால்பந்தின் 1982 கிரே கப் இறுதியாட்டத்தில் மழையில் நனைந்த ரசிகர்கள் மூடிய மைதானம் வேண்டும் என்று குரல் எழுப்பினார்கள். கட்டடக் கலைஞர் ரொட் ரொபியும் பொறியியலாளர் மைக்கல் அலனும் வடிவமைத்த இந்த மைதானம் ‘ஸ்கைடோம்’ என்ற பெயரில் 1989 ஜூன் 3 அன்று திறக்கப்பட்டது. அன்றைய விழாவில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே கூரையைத் திறந்துகாட்ட, வந்தவர்கள் நனைந்துபோனார்கள். 2004இல் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனம் இதை வாங்கியது. சுமார் 570 மில்லியன் டொலர் விழுங்கிய மைதானம் வெறும் 25 மில்லியனுக்குக் கைமாறியது. அடுத்த ஆண்டு பெயரும் மாறியது.

கூரை நான்கு துண்டுகளால் ஆனது, எடை சுமார் 11,000 தொன். வடக்குத் துண்டு அசையாது. நடுவிலுள்ள இரண்டும் தண்டவாளத்தில் வழுக்கி வடக்கே போகும். தெற்குத் துண்டு வட்டத் தண்டவாளத்தில் 180 பாகை சுழன்று மற்றவற்றுக்குள் ஒடுங்கும். முழுதும் திறக்க 20 நிமிடம் போதும். திறந்தபின் ஆடுகளம் முழுவதும், இருக்கைகளில் பத்தில் ஒன்பதும் வானத்தைப் பார்க்கும். ஆட்டத்தின் நடுவே கூரை நகர்ந்தால் ஒரு இன்னிங்ஸைத் தவறவிட்டாலும் அதைப் பாருங்கள். அவ்வளவு பெரிய எஃகு அவ்வளவு நிதானமாக நகர்வதை வேறெங்கும் எளிதில் காண முடியாது.

இந்தக் கூரையும் ஆட்டத்தை நிறுத்தியதுண்டு. 2001 ஏப்ரலில் துண்டுகள் ஒன்றோடொன்று மோதிச் சிதறல்கள் கீழே விழுந்தன. 2018 ஏப்ரலில் சீஎன் கோபுரத்திலிருந்து விழுந்த பனிக்கட்டி கூரையைத் துளைத்தது. இரண்டு நாளும் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது, இரண்டு முறையும் எதிரணி கன்சாஸ் சிற்றிதான்.

உண்மையான குறை கூரையில் இல்லை, இருக்கைகளில் இருந்தது. கனேடியக் கால்பந்தும் பேஸ்போலும் ஒரே இடத்தில் ஆடுவதற்காகக் கீழ்த்தள இருக்கைகளை நகர்த்தும்படி கட்டியதால், பல இடங்களில் கழுத்தைத் திருப்பித்தான் பந்தெறியும் பிச்சரைப் பார்க்க வேண்டும். ஆர்கோநோட்ஸ் கால்பந்து அணி 2016இல் வேறு மைதானத்துக்குப் போனபின்தான் பேஸ்போலுக்கு மட்டும் மாற்றும் வழி பிறந்தது. பல நூறு மில்லியன் டொலர் செலவில், 2023க்கு அவுட்பீல்ட் எனும் வெளிக்களப் பக்கத்தையும் 2024க்கு பேஸ்கள் உள்ள இன்பீல்டைச் சுற்றிய, கீழ்த்தளமான 100ஆம் தளத்தையும் புதிதாகக் கட்டினார்கள். இப்போது இருக்கைகள் இன்பீல்டை நோக்கித் திரும்பியிருக்கின்றன. கொள்ளளவு சுமார் 39,000 ஆகக் குறைந்தாலும், அந்த நட்டத்துக்கு இது தகும்.

ரிக்கெற் எடுக்கும்போது மூன்றாம் பேஸ் பக்கத்தைத் தேடுங்கள். பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் தெற்கே இருப்பதால் அந்தப் பக்கம் மேற்கு. பின்னேரம் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், நிழலும் முதலில் அங்கேதான் விழும். எதிரே கோபுரம் தெரியும், புளூ ஜேஸ் வீரர்கள் அமரும் டக்அவுட்டும் மூன்றாம் பேஸ் பக்கந்தான். முதலாம் பேஸ் பக்கம் இருப்பவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டே பார்க்க வேண்டிவரும். 100ஆம் தளத்தின் கடைசி வரிசைகளில் மேல்தளத்தின் அடிப்பக்கம் உயரப் போகும் பந்தை மறைக்கும். அந்தக் காசுக்கு 200ஆம் தளத்தின் முன்வரிசை மேல். உச்சியிலுள்ள 500ஆம் தளம் மலிவு, ஆனால் செங்குத்து. முழங்கால் நோ உள்ளவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் அங்கே ஏற்ற வேண்டாம். அவுட்பீல்ட் டிஸ்ரிக்ட் என்ற பகுதிக்கான ரிக்கெற்றுக்குக் கதிரை கிடையாது, நின்றபடி பார்ப்பதற்கானது. நண்பர்களோடு வரும் இளையோருக்கு அது பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமைகளில் ஒரு டொலர் ஹொட்டோக் விற்கும் இரவுகள் உண்டு. வரிசை நீளம், ஆகவே ஆட்டம் தொடங்கமுன் வாங்குங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குவது நல்லது.

காரில் வர வேண்டாம். யூனியன் நிலையத்திலிருந்து ஸ்கைவோக் என்ற மூடிய நடைபாதை ஏறத்தாழ வாசல்வரை வருகிறது, மழையிலும் நனைய மாட்டீர்கள். சிக்கல் திரும்பும்போதுதான்: கடைசி அவுட் விழுந்ததும் எல்லோரும் அதே நடைபாதைக்குள் நெரிவார்கள். சப்வேயில் போகிறவர்கள் வடக்கே கிங் வீதிவரை நடந்து சென்ற் அன்ட்ரூ நிலையத்தில் ஏறினால் அந்த நெரிசலில் அகப்படாமல் போகலாம்.