உள்ளூர்ச் சேனல் மாலைச் செய்தி: எதைப் பார்த்து மார்க் போடுவது?

உள்ளூர்ச் சேனல் செய்தியை எடைபோடும்போது செட்டையும் கிராபிக்ஸையும் விட்டுவிடுங்கள். காசு இருந்தால் யாரும் வாங்கிவிடலாம். எத்தனை வருஷமாக அதே ஆட்கள் திரையில் வருகிறார்கள் என்று பாருங்கள்.

பல இடங்களில் செய்தியாளர்கள் இரண்டு, மூன்று வருஷ ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். ஒரே ஆள் கேமராவும் தூக்கி, எடிட்டும் செய்து, நேரலையிலும் நிற்க வேண்டும். ஊர் பிடிபடும் நேரத்தில் பெரிய சேனலுக்குக் கிளம்பிவிடுகிறார். அவரோடு, அவருக்குத் தகவல் தருபவர்களின் போன் நம்பர்களும் போய்விடும். புதிதாக வந்தவர் தெருப்பெயரைத் தப்பாக உச்சரிப்பார். போன வருஷம் பாதியில் நின்ற பாலம் என்ன ஆயிற்று என்று கேட்கத் தெரியாது. பார்ப்பவர் ரிமோட்டை எடுத்து வேறு சேனலுக்கு மாறுவது அங்கேதான்.

அனுபவத்தைச் சோதிக்க ஒரு வழி: பிராம்ப்டர் (வாசிக்க வேண்டிய வரிகளைக் கேமரா முன் ஓட்டிக் காட்டும் திரை) நின்றுபோகும் நொடி. பழகிய வாசிப்பாளர் கண்ணை மேஜைத் தாளுக்கு இறக்கி, அதே வேகத்தில் தொடர்வார். அதற்கு, மேஜையில் இருக்கும் அந்தச் செய்திப் பிரதியின் பக்கங்களை ஒவ்வொரு செய்திக்கும் திருப்பிக்கொண்டே வந்திருக்க வேண்டும். திருப்பாதவர் தேடுவார், திணறுவார்.

வானிலையைப் பின்னால் தள்ளுவது ஆளை உட்கார வைக்கத்தான். அது தொழில், மன்னிக்கலாம். "சற்று நேரத்தில்" என்று மூன்று தடவை இழுத்துவிட்டு 20 விநாடியில் முடித்தால் மார்க்கைக் குறையுங்கள். தப்பான செய்தியை அதே நேரத்தில், அதே முகம் திருத்திச் சொன்னால் கூட்டிப் போடுங்கள்.