21 கியர் டிஸ்க் பிரேக் சைக்கிள்: நம்ம ஊர் உப்புக்காற்றுக்குத் தாங்குமா?

ராமநாதபுரம் கடற்கரையில் உயரம் என்று காட்டுவதற்கு ராமேஸ்வரத்துக் கந்தமாதன பர்வதத்தை விட்டால் ஒன்றும் இல்லை, அதுவும் ஒரு மேடுதான். ஆனாலும் மண்டபம் முதல் தொண்டி வரை பையன்கள் கேட்பது எம்டிபி எனும் மலைப்பாதை சைக்கிள்தான். இரும்பு ஃபிரேம், முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க், 3x7 கியர் (முன்னால் 3, பின்னால் 7 பல்சக்கரம்), கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக். எந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் ஆரம்ப விலை வண்டிகள் ஏறக்குறைய இதே கூட்டுதான். வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் இங்கே ஆளைக் கீழே தள்ளுவது பாறையும் பள்ளமும் அல்ல. உப்பு, மணல், முள். வண்டி கடையிலிருந்து வரும்போது இந்த மூன்றுக்கும் தயாராக வருவதில்லை.

முதல் கோளாறு பிரேக்கில்தான். சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடுதான் ரோட்டர், அதை இருபக்கமும் பிடிப்பவை பேட். இந்த விலை வண்டிகளில் பெரும்பாலும் வெளிப்பக்க பேட் மட்டுமே நகர்ந்து ரோட்டரை அழுத்தும். ஸ்போக் பக்கத்து பேட் அசையாது. தேய்ந்தால் அதைக் கையால்தான் முன்னே கொண்டுவர வேண்டும். பலர் பிரேக் லிவர் தொளதொளவென்று ஆனதும் கேபிளை மட்டும் இறுக்குகிறார்கள். அப்போது ரோட்டர் ஒரு பக்கமாக வளைந்து உரசும், பிடிப்பும் குறையும். முதலில் ஸ்போக் இடுக்கு வழியாக ஆலன் கீ விட்டு உள் பேடைத் திருப்பி, ரோட்டருக்கும் பேடுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு கனம் இடைவெளி விடுங்கள். கேபிள் அதற்குப் பிறகு. லிவரை முழுக்க அழுத்தினால் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. பேடில் இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, தேயும் பகுதி மட்டும் 1 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது எண்ணெய். கடலோரத்தில் ரோட்டர் துருப்பிடிக்கிறதே என்று வண்டி முழுக்க துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் இருக்கிறது. ரோட்டரில் ஒரு துளி பட்டாலும் பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கீச்சென்று சத்தம் வரும், வண்டி நிற்காது. ரோட்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்கலாம், ஆனால் எண்ணெய் குடித்த பேடை மாற்றுவதுதான் வழி. ரோட்டரில் லேசான துரு இருந்தால் விடுங்கள், நாலு முறை பிரேக் பிடித்தால் தானே போய்விடும். கேபிளை மட்டும் வாங்கிய கையோடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றிவிடுவது நல்லது. சாதாரண கேபிள் உறைக்குள்ளேயே துருவேறும். லிவர் உள்ளே போகும், திரும்பி வராது.

டயர் 2.1 அங்குலம் என்றால் தார் ரோட்டுக்குக் காற்றழுத்தம் சுமார் 40 பி.எஸ்.ஐ. போதும். மணலுக்கு 25. அதற்கும் கீழே இறக்கினால், கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ஒற்றை ஓட்டை என்றால் சீமைக்கருவேல முள். இதன் நுனி டயருக்குள் ஒடிந்து நிற்கும். எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் உடனே போய்விடும். விரலை விட்டுத் தடவாதீர்கள். பழைய பனியன் துணியால் டயரின் உள்புறத்தைச் சுற்றித் துடைத்தால் முள் துணியில் மாட்டும். டயருக்கும் டியூபுக்கும் நடுவே லைனர் பட்டை போட்டுக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. வால்வு பைக் வால்வுதான் என்பதால் பெட்ரோல் பங்க்கிலும் காற்றடிக்கலாம், ஆனால் விட்டு விட்டு அடியுங்கள்.

தனுஷ்கோடி தாண்டிப் போகும் அரிச்சல்முனை ரோட்டில் காற்று மணலைத் தாரின் மேல் மெல்லிய விரிப்பாகப் போட்டிருக்கும். தூரத்திலிருந்து தெரியாது. அதன் மேல் ஏறிய பிறகு முன் பிரேக் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கும். வேகத்தை அதற்கு முன்பே குறைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடக்க வேண்டும்.

பாம்பன் சாலைப் பாலத்தில் சங்கதி வேறு. கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ராமேஸ்வரம் நோக்கிப் போனால் காற்று வலப்பக்கமிருந்து தள்ளும். பஸ் முந்தும்போது அந்தக் காற்று சட்டென்று மறையும், பஸ் கடந்ததும் மறுபடி அறையும். வண்டி இரண்டடி நகர்வது அந்த நொடியில்தான். பாலத்து இணைப்புகளின் இரும்புப் பட்டை நனைந்திருந்தால் அதன் மேல் பிரேக் பிடிக்காதீர்கள். பக்கத்துப் பழைய ரயில் பாலத்தில் 2022 வரை ரயில் ஓடிய காலத்திலேயே, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். சைக்கிளைச் சாய்க்க அவ்வளவு காற்று தேவையே இல்லை.

வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். ஒர்க்‌ஷாப் வேஸ்ட் ஆயில் வேண்டாம், மணல் ஒட்டி செயினையே அரைத்துவிடும்.

பின்னாலும் ஸ்பிரிங் வைத்த மாடல் இந்தக் கடற்கரைக்கு வீண் செலவு. இணைப்புகள் துருவேறி ஆடத் தொடங்கும், எடையும் கூடுதல். வண்டியோடு இலவசமாகத் தரும் ஹெல்மெட்டின் உள்ளே சி.பி.எஸ்.சி. அல்லது இ.என். 1078 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது வெறும் தெர்மாகோல் தொப்பி. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும், தாடைப் பட்டைக்குள் ஒரு விரல்தான் நுழைய வேண்டும். விளக்கும் வண்டியோடு வராது, ரிஃப்ளெக்டர் மட்டும்தான். ஈசிஆரில் இருட்டிய பிறகு ஓட்டுவதாக இருந்தால் பின்னால் சிவப்பு விளக்குக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.