ரத்து செய்யும் நீதிமன்றமும் அறிவிப்போடு நிற்கும் நீதிமன்றமும்

கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1952 ஏப்ரலில், வேலைநிறுத்தத்தைத் தடுப்பதற்காக அமெரிக்க அதிபர் ட்ரூமன் உருக்காலைகளை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சட்டமன்றமான காங்கிரஸ் தராத அதிகாரத்தை அதிபர் தாமே எடுத்துக்கொள்ள முடியாது என்று ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்ததும், ஆலைகள் உரிமையாளர்களிடம் திரும்பின. இத்தனைக்கும் ஒன்பது நீதிபதிகளும் ட்ரூமனோ அவருக்கு முன்பிருந்த ரூஸ்வெல்ட்டோ நியமித்தவர்கள்தாம்.

பிரிட்டனில் நாடாளுமன்றமே உச்சம். பயங்கரவாதச் சந்தேகத்தின் பேரில் வெளிநாட்டவரை விசாரணையின்றி அடைத்துவைக்க வழிசெய்த 2001-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு மனித உரிமைக்கு முரணானது என்று 2004 டிசம்பர் 16 அன்று அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் 8-1 என்ற கணக்கில் அறிவித்தார்கள். ஆனால் 1998-ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டம் அவர்களுக்கு அறிவிக்கும் அதிகாரத்தை மட்டுமே தருகிறது. சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரத்தைத் தரவில்லை. எனவே சிறைக் கதவு அன்றே திறக்கவில்லை. 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் வேறு சட்டம் இயற்றும்வரை பழைய பிரிவே செல்லுபடியானது.

மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்கே கடைசிச் சொல் என்பதில் நியாயம் உண்டுதான். இருந்தாலும் உள்ளே அடைபட்டிருப்பவருக்கு அந்த மூன்று மாதங்கள் சிறியவையல்ல என்பதால், என் சாய்வு அமெரிக்க முறையின் பக்கமே. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அவர்கள் வாழ்ந்த பகுதிகளிலிருந்து வெளியேற்றிய ஆணையை 1944-இல் ஏற்றுக்கொண்டதும் அதே உச்ச நீதிமன்றம் என்பதை மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன்.