ஐஇஎல்டிஎஸ் கட்டுரையா, பிடிஇ கட்டுரையா?

வெளிநாடு போகிறவர்கள் எழுதுகிற ஐஇஎல்டிஎஸ், பிடிஇ என்ற ஆங்கிலத் தேர்வுகளுக்குப் பாளையங்கோட்டையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது, "எக்கா, எதுல எழுதுறது ஈசி?" என்றுதான். எழுதும்போது உங்களுக்கு எங்கே தட்டுகிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஐஇஎல்டிஎஸ்ஸில் எழுத்துக்கு 60 நிமிடம். முதலில் 150 சொல்லுக்குக் குறையாமல் வரைபட விளக்கமோ கடிதமோ. அப்புறம் 250 சொல்லுக்குக் குறையாத கட்டுரை. கட்டுரைக்கு இரட்டிப்பு மதிப்பு, அதனால் 40 நிமிடம் அதற்கே. பிடிஇயில் கட்டுரைக்கு 20 நிமிடம்தான், 200 முதல் 300 சொல். 120க்குக் கீழே போனாலோ 380ஐத் தாண்டினாலோ அந்தக் கட்டுரைக்கு மதிப்பெண்ணே கிடையாது.

போன மாதம் அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண் ஒருத்தி தண்ணீர்ப் பற்றாக்குறை பற்றி எழுதி வந்தாள். தண்ணீர் மிக முக்கியம் என்பதையே மூன்று விதமாகச் சொல்லியிருந்தாள். "வீட்ல வயல் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்குக்கா. பாபநாசம் அணையில தண்ணி இல்லன்னா கார் போட மாட்டாங்க, பிசானம் மட்டுந்தான்" என்றாள். கார், பிசானம் இரண்டும் எங்கள் பக்கத்து நெல் போகங்கள். அதை எழுது என்றேன். காருக்கு இங்கிலீஷில் என்ன என்று தயங்கினாள். ஜூனில் தொடங்குகிற நெல் சாகுபடி என்று எழுதினால் போதும். அந்த ஒரு பத்தி வந்ததும் கட்டுரைக்கு உயிர் வந்துவிட்டது: அணை வற்றினால் ஒரு போகம் போகிறது, வருமானம் பாதியாகிறது, ஆட்கள் வேலை தேடி வெளியூர் போகிறார்கள்.

ஐஇஎல்டிஎஸ்ஸில் இதற்கு நல்ல பலன் உண்டு. திருத்துகிறவர் மனிதர், கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி, கருத்தை வளர்த்திருக்கிறோமா என்பதற்கே கட்டுரை மதிப்பெண்ணில் கால் பங்கு. மனப்பாட முன்னுரை அங்கே எடுபடாது. காசு கட்டி அதை உருப்போட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பிடிஇயிலும் கேள்வியை விட்டு விலகினால் மதிப்பெண் இல்லை. ஆனால் வயல் கதையை விரிக்க நேரம் இருக்காது. ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர வேண்டும். எழுத்துப்பிழைக்கு அங்கே தனி மதிப்பெண். தட்டச்சு கைவந்தவர்களுக்கும் சின்ன வாக்கியமாகப் பிழையில்லாமல் எழுதுகிறவர்களுக்கும் பிடிஇ பொருந்தும். நோட்டில் எழுதியே வளர்ந்து, இரண்டு விரலால் தட்டுகிற நம் பிள்ளைகளுக்கு 20 நிமிடம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியையும் விசாரியுங்கள். அதில் கட்டுரையே இல்லை. நோயாளியின் குறிப்புகளைப் படித்து 180 முதல் 200 சொல்லில் ஒரு கடிதம்.

நீங்கள் போகிற கல்லூரியும் விசாவும் எதை ஏற்கின்றன என்று முதலில் பாருங்கள். ஐஇஎல்டிஎஸ், பிடிஇ இரண்டையும் ஏற்கிறார்கள் என்றால், போனில் 20 நிமிடம் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் ஒரு கட்டுரையைத் தட்டிப் பாருங்கள். 200 சொல் எட்டவில்லையா, ஐஇஎல்டிஎஸ்ஸுக்கே பணம் கட்டுங்கள்.